துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டும்போது கவனம் தவறும் இடங்கள்

துப்பாக்கியைக் கழற்றத் தெரியாதவர் அதைத் தொடவே பயப்படுவார். பயந்து பயந்து செய்கிறவர் கையில் பெரிய தவறு நேர்வது குறைவு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழற்றி மாட்டிப் பழகியவருக்குத்தான், கை தன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்க, மனம் மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த மண்டபத்தில் போய் நின்றுகொள்கிறது. இந்தக் கட்டுரை அப்படிப் பழகிப்போன கைகளுக்காக எழுதப்படுகிறது. மதுரை தெற்காவணி மூல வீதியின் நகைக்கடை வாசல்களிலும் வங்கிக் கிளைகளின் படிக்கட்டு ஓரங்களிலும் 12 போர் (குழலின் அளவு) துப்பாக்கியோடு அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கங்களில் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இது பயன்படும். நான் ராணுவத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைச் சரிசெய்பவனாக இருந்து, ஓய்வுக்குப் பிறகு வங்கிக் காவலுக்கு வந்தவன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பேரல், முன்கட்டை, பின்கட்டையோடு சேர்ந்த, சுடும் பொறியான ஆக்‌ஷன் என்று மூன்றாகப் பிரித்துத் துடைப்பது வைத்திருப்பவரின் வேலை. ஆக்‌ஷனுக்குள் இருக்கும் பூட்டு, ஸ்பிரிங், தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின் ஆகியவற்றை வெளியே எடுப்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனியாக உரிமம் கேட்கிறது என்பதிலிருந்து, அது வீட்டுத் திண்ணையில் ஸ்குரு டிரைவரோடு உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல என்பது விளங்கும்.

உட்காரும் இடமும் எண்ணிக்கையும்

கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்காருவதால் கவனம் வந்துவிடாது. நினைப்பு பத்து நிமிடம் நிற்கும், பிறகு கலைந்துவிடும். அது கலைந்த பிறகும் தவறைப் பிடிக்கக்கூடிய ஏற்பாடு ஒன்று எதிரே இருக்க வேண்டும். என் ஏற்பாடு எளிது: மேசை மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டி, அதன் மேல் விளிம்பு உயர்ந்த ஒரு எவர்சில்வர் தாம்பாளம், பக்கத்தில் ஒரு சாக்பீஸ். வெள்ளைத் துணியில் சின்னத் திருகு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். தாம்பாளத்தின் விளிம்பு அதை உருள விடாது. பட்டாளத்தில் நாம் ‘சிந்தி’ என்று சொல்லிப் பழகிய துடைப்புத் துணியை, நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலமாகப் பத்துத் துண்டுகள் வெட்டி எண்ணி வைத்து, மேசை ஓரத்தில் 10 என்று எழுதிவிடுவேன். வேலை முடியும்போது அழுக்கானதும் ஆகாததுமாகச் சேர்த்துப் பத்துத் துண்டுகள் கணக்கில் வர வேண்டும். ஒன்பது வந்தால் பத்தாவது துண்டு எங்கே என்று தெரியாமல் துப்பாக்கியை மாட்டக் கூடாது.

தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பெட்டியில் இருப்பதை எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். தோட்டாப் பட்டையைத்தான் மறந்து, தாம் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியின் முதுகில் மாட்டிவிடுகிறார்கள். பணி முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவது போலப் பட்டையையும் கழற்றிப் போட்டுவிடும் பழக்கத்தின் விளைவு இது. பட்டையை வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டுத்தான் மேசைக்கு வர வேண்டும்.

தொலைபேசியை அணைத்து வைப்பதும், வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் சொல்லாமலே தெரியும். அப்படியும் இடையில் எழ வேண்டி வந்தால், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். இது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். விட்ட இடம் எது என்று நம் மனம் சொல்வது பெரும்பாலும் நாம் செய்ய நினைத்த இடத்தையே தவிர, செய்து முடித்த இடத்தை அல்ல.

காலியா என்று பார்ப்பது

‘துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் வெடித்தது’ என்று செய்தித்தாளில் வரும் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். துடைப்பதால் எந்தத் துப்பாக்கியும் வெடிப்பதில்லை. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்காமல் துடைக்க உட்கார்ந்தார் என்பதே அந்த வரியின் பொருள்.

லீவரைத் தள்ளித் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல்களின் பின்முனையில் தோட்டா போடும் இரண்டு அறைகளையும் கண்ணால் பார்த்த பிறகு, சுண்டுவிரலை ஒவ்வோர் அறைக்குள்ளும் விட்டுப் பார்க்க வேண்டும். நேற்று நாமே காலி செய்த துப்பாக்கி என்ற எண்ணம் இருந்தால், கண் எதைப் பார்க்க விரும்புகிறதோ அதையே பார்க்கும்; விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூன்றாவதாக, குழலின் வாய்ப் பக்கம் வெளிச்சம் இருக்கும்படி பிடித்து, அறைப் பக்கத்திலிருந்து உள்ளே பார்க்க வேண்டும். வாய்ப் பக்கத்திலிருந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். வெளிச்சம் வட்ட வட்டமாக முழுக் குழலிலும் ஓடித் தெரிந்தால் வழி சுத்தம்.

இந்த மூன்றாவது பார்வைக்குத் தனிக் காரணம் உண்டு. 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20 போர் குழலின் உள்விட்டம் 15.6 மில்லிமீட்டர். வீட்டில் இரண்டு அளவிலும் துப்பாக்கி இருந்து, 20 போர் தோட்டா ஒன்று தவறி 12 போர் அறைக்குள் போட்டுவிடப்பட்டால், அது அறையில் நிற்காமல் உள்ளே நழுவிப்போய், அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். திறந்து பார்க்கிறவருக்கு அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்துவிடும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இந்த ஒரு விபத்துக்காகத்தான்.

கழற்றும்போது

காலி என்று உறுதியானதும் துப்பாக்கியை மூடி, முன்கட்டையைக் கழற்றி, பிறகு லீவரைத் தள்ளி, இடது கையால் பேரலைத் தாங்கிக்கொண்டு கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். முன்கட்டை போன பிறகு பேரலைப் பிடித்து நிறுத்த வேறு ஒன்றும் இல்லை என்பதை மறந்து லீவரைத் தள்ளுகிறவர்களின் பேரல் தரையில் விழுந்து வாயில் நெளிவு விழுகிறது. இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கையைக் கீழே கொடுங்கள், அவ்வளவுதான்.

அதிகம் சொல்ல வேண்டியது அடுத்து வரும் தவறைப் பற்றி. சில மாதங்களுக்கு முன் ஒரு நகைக்கடையில் காவலுக்கு இருக்கும் தம்பி ஒருவர் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம்.

“அண்ணே, பேரல் மாட்டவே மாட்டேங்குதுண்ணே. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒன்பதரைக்குக் கடை திறக்கணும்.”

“கழட்டி வச்சதுக்கப்புறம் டிரிகரை இழுத்தியா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சும்மா ஒரு தடவண்ணே. ரெண்டையும்.”

குதிரை (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல்) வெளியே தெரியாத இரட்டைக் குழல் துப்பாக்கியில், மடக்கித் திறக்கும் அசைவே உள்ளே இருக்கும் குதிரைகளைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறது. முன்கட்டை ஆக்‌ஷனின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன நெம்புகோல்களை அழுத்த, அவை உள்ளே குதிரையைத் தூக்குகின்றன. ஆகவே முறையாகத் திறந்து பார்த்துக் கழற்றிய துப்பாக்கியின் குதிரைகள் எப்போதும் ஏறிய நிலையில் இருக்கும். அந்த நிலையில்தான் பேரலும் முன்கட்டையும் இலகுவாகத் திரும்ப ஏறும். பேரல் தனியாக இருக்கும்போது கை சும்மா இருக்க முடியாமல் டிரிகரை இழுத்தால் குதிரைகள் விழுந்துவிடும், நெம்புகோல்கள் இடம் மாறிவிடும், திரும்ப மாட்டும்போது எல்லாம் ஒன்றோடொன்று முட்டும். இதைத் தெரியாதவர் துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலம் கொடுப்பார். அங்கேதான் உண்மையான பழுது தொடங்குகிறது.

சரிசெய்வது கடினம் அல்ல. ஒரு மரக்கட்டையின் மேல் துணியை மடித்துப் போட்டு, ஆக்‌ஷனைத் தலைகீழாகச் சாய்த்து, ஒரு நெம்புகோலின் முனை கட்டையின் மேல் படும்படி வைத்து, பின்கட்டையிலிருந்து நிதானமாக அழுத்த வேண்டும். ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்டால் அந்தப் பக்கத்துக் குதிரை ஏறிவிட்டது. அடுத்ததையும் அப்படியே செய்ய வேண்டும். ஸ்பிரிங் வலுவானது என்பதால் கை நழுவும். ஸ்குரு டிரைவரை வைத்து நெம்பக் கூடாது. தம்பி ஒன்பதே காலுக்கு மீண்டும் அழைத்து, ஏறிவிட்டது என்றார்.

குதிரை வெளியே தெரியும் பழைய துப்பாக்கிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. திறப்பதற்கும் மூடுவதற்கும் முன்னால் குதிரைகள் பாதி ஏறிய நிலையில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழலுக்குள் விட்டுவிடும் பொருள்கள்

துடைக்கும் கம்பி பெரும்பாலும் மூன்று துண்டாக, ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும்படி இருக்கும். அதைக் குழலுக்குள் விட்டுச் சுழற்றும்போது வலப்புறமாகவே சுழற்ற வேண்டும். யோசனையில் இடப்புறம் சுழற்றினால் மரை கழன்று, பித்தளைக் கம்பி பிரஷ் குழலுக்குள்ளேயே தங்கி, வெறும் கம்பி வெளியே வரும். பிரஷ் இறுக்கமாக நிற்கும் என்பதால் துப்பாக்கியைக் குலுக்கினாலும் சத்தம் கேட்காது. பிரஷ்ஷை அறைப் பக்கத்திலிருந்து விட்டு, வாய் வழியே முழுவதும் வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். பாதி வழியில் திசை மாற்றினால் அதன் முடிகள் எதிர்ப்பக்கம் மடங்கிச் சிக்கிக்கொள்ளும்.

சிந்தித் துண்டின் கதையை என் செலவிலேயே சொல்கிறேன். ஒரு சரஸ்வதி பூஜைக்கு முந்தின மாலை. மறுநாள் ஆயுதங்களைப் பூஜையில் வைக்க வேண்டும் என்பதால் அன்று துடைக்க உட்கார்ந்தேன். பொரியும் கடலையும் வாங்கி வந்திருந்தார்கள். பேரன் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து மனைவி, “ஏங்க, சம்பந்தி வீட்டுல இருந்து போன்” என்று கூப்பிட்டார். எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, இடது குழலுக்கு எண்ணெய் போட்டாயிற்று என்ற நினைப்பில் துப்பாக்கியை மாட்டி, வெளியே ஒரு துடைப்புத் துடைத்து வைத்துவிட்டேன். பூஜை முடிந்த அடுத்த நாள் காலை வங்கி வாசலில், தோட்டா போடும் முன் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது, வலது குழலில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. இடது குழல் வாய்க்கு ஒரு சாண் இப்பால் இருட்டாக இருந்தது. ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். எண்ணெயில் ஊறிய துணி உருண்டையாக அங்கே உட்கார்ந்திருந்தது. பட்டாளத்தில் பதினெட்டு ஆண்டுகள் மற்றவர்களின் குழலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். சாக்பீஸால் எண்ணிக்கை எழுதும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

ஒரு துணித் துண்டு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டாவின் ரவையும் அதன் பின்னால் வரும் வாயுவும் குழலுக்குள் வேகமெடுத்து வரும்போது, எதிரே அசையாமல் ஒரு பொருள் இருந்தால், முன்னால் போகும் ரவை தடைபட, பின்னால் வரும் வாயு அதே இடத்தில் வந்து குவிகிறது. குழலின் சுவர் அந்த இடத்தில் மோதிரம் போலப் புடைக்கும், அல்லது கிழியும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்கும் அது நேரும் இடத்துக்கும் அதிகத் தூரம் இருக்காது. துணி மட்டும் அல்ல. குளவி கட்டிய மண்கூடும் மழைநாளில் வாயில் ஒட்டிய சேறும் இதையே செய்யும்.

ஆயுத பூஜையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈரச் சந்தனத்தைப் பேரலில் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, லீவரின் மேல் எலுமிச்சம் பழத்தை வைத்துவிட்டு மூன்று நாள் அப்படியே விடுகிறோம். சந்தனத்தின் ஈரம் எஃகின் கருநீலப் பூச்சுக்கு அடியில் துருவை உண்டாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் அந்தப் பூச்சே போய்விடும். குங்குமத் தூள் லீவரின் இடுக்கில் புகுந்து எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகும். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டைத் துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் வையுங்கள்.

மாட்டும்போது

மாட்டும் வரிசை கழற்றிய வரிசைக்கு நேர் எதிர்: பேரலின் கொக்கியை ஆக்‌ஷனின் அச்சில் உட்கார வைத்து, லீவரைத் தள்ளிப் பிடித்தபடி மூடி, பிறகு முன்கட்டை. முன்கட்டை ‘டக்’ என்று உட்காராமல் அரைகுறையாக நின்றுவிடுவதுதான் இங்கே நேரும் தவறு. கண்ணுக்கு அது மாட்டியது போலவே தெரியும். அடுத்த முறை துப்பாக்கியைத் திறக்கும்போதோ சுட்டபோது வரும் உதையிலோ கையோடு கழன்று வந்துவிடும். மாட்டிய பிறகு பேரலுக்கும் முன்கட்டைக்கும் இடையே நகத்தை விட்டுப் பாருங்கள். நகம் புகுந்தால் அது உட்காரவில்லை.

2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரியான இரண்டையும் ஒரே வேட்டியின் மேல் பிரித்துப் போட்டுத் துடைக்கிறவர், ஒன்றின் முன்கட்டையை மற்றதில் மாட்ட முயல்வது சாதாரணமாக நடக்கிறது. இரட்டைக் குழல் துப்பாக்கியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று அராவிப் பொருத்தப்பட்டவை. பக்கத்துத் துப்பாக்கியின் பாகம் முக்கால்வாசி ஏறி நின்றுவிடும், அல்லது ஏறிவிட்டு ஆடும். ஒன்றை முழுவதும் முடித்துப் பெட்டியில் வைத்த பிறகே அடுத்ததை எடுங்கள். எண் பொறித்த துப்பாக்கிகளில் பேரலின் அடியிலும் ஆக்‌ஷனிலும் முன்கட்டை இரும்பிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பாகம் பொருந்திவிடுவதாலேயே சரியாக மாட்டிவிட்டதாக ஆகிவிடாது என்பதற்குப் பட்டாளத்தில் எனக்குப் பாடம் சொன்னது எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ ரைஃபிளின் கேஸ் பிளக், அதாவது வாயு வழியின் அடைப்பான். அதை இரண்டு நிலைகளில் செருக முடியும். ‘ஏ’ என்ற எழுத்து மேலே இருந்தால் வாயு பிஸ்டனைத் தள்ளும், ரைஃபிள் அடுத்த குண்டைத் தானே ஏற்றும். கிரனேடு வீசுவதற்கான ‘ஜிஆர்’ எழுத்து மேலே இருந்தால் வாயு வழி அடைபடும், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். இரண்டு நிலைகளிலும் பிளக் ஒரே போல அழகாக உட்காரும். ரேஞ்சில் ஒரு சுற்றுச் சுட்டுவிட்டு ரைஃபிள் நின்றுவிட்டது என்று ஓடி வரும் ஜவான்களிடம் நான் முதலில் பார்த்தது அந்த எழுத்தைத்தான். பெரும்பாலும் அத்தோடு வேலை முடிந்துவிடும்.

வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி

பயிர்க் காவலுக்கென்று சட்டமே தனியாகக் குறிப்பிடும் இந்தத் துப்பாக்கியில் மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியே போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும்; திறந்து பார்க்க அறை கிடையாது. போன மாதம் கெட்டித்து வைத்துச் சுடாமல் விட்டது இன்னும் உள்ளே இருக்கலாம், பார்த்தால் தெரியாது. இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு நாளில், கெட்டிக்கும் கோலை அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு துடைக்க உட்காரும்போதெல்லாம், மருந்தைப் பற்றவைக்கும் தொப்பி இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, முகத்தையும் கையையும் வாய்க்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் நின்று கோலை விட்டுப் பார்க்கலாம். கோடு வாய்க்கு வெளியே இரண்டு மூன்று விரற்கடை நின்றால் உள்ளே மருந்தும் ரவையும் இருக்கின்றன. துடைக்கும் வேலை அன்றைக்கு இல்லை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய வேலை அது. பேரையூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சானின் கோலில் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அந்தக் கோலையே ஒருமுறை குழலுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவரும் அவர்தான்.

கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும் உப்பு. எண்ணெய் போட்டு அதை எடுக்க முடியாது. அது எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டே இரும்பைத் தின்னும். சுடுநீர் விட்டுக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, வெயிலில் இரும்பு சுடும்வரை வைத்து, அதன் பிறகு எண்ணெய் இட வேண்டும். சுட்ட அன்றே இதைச் செய்யாமல், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மூலையில் சாத்துவதும் மறதியில்தான் சேரும். ஐப்பசி மழைக்காலத்தில் ஓர் இரவே போதும்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெயை விட்டுவிடுங்கள். நாள்பட அது பிசுக்காக இறுகி ஸ்பிரிங்கின் வேகத்தைக் குறைக்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் மேல். அதையும் துணியில் நனைத்துப் பிழிந்து பூச வேண்டுமே தவிர ஊற்றக் கூடாது. மிகுந்த எண்ணெய் ஆக்‌ஷனின் பின்பக்கமாக இறங்கி மரக்கட்டைக்குள் ஊறி, சில ஆண்டுகளில் மரத்தைப் பஞ்சாக்கிவிடும். இதனாலேயே எண்ணெய் போட்ட துப்பாக்கியை ஓர் இரவு வாய் கீழே இருக்கும்படி பழைய சாக்கின் மேல் சாத்தி வைப்பது நல்லது. பணிக்கு எடுத்துப் போகும் முன் குழலையும் அறையையும் உலர்ந்த சிந்தியால் ஒருமுறை துடைப்பதை மறக்கக் கூடாது. அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டா சுவரைப் பற்றி நிற்காமல் வழுக்கி, வெடிப்பின் உதை முழுவதும் பூட்டின் மேல் விழும். எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடுவதும் கூடாது.

இந்த ஊரின் கத்திரி வெயிலில் உள்ளங்கை வியர்வையே பெரிய எதிரி. எல்லாம் முடித்து மூடிய பிறகு, நன்றாக இருக்கிறதா என்று பேரலைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறோம். அந்த ஐந்து விரல்களின் உப்பு ஒரு வாரத்தில் ஐந்து செம்புள்ளிகளாகத் தெரியும். கடைசித் துடைப்பு துணியால் பிடித்தபடி இருக்க வேண்டும். தோல் உறையில் நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளும்.

தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் துப்பாக்கிகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16இல் வந்து வாக்கு எண்ணிக்கை ஜூன் 4இல் முடிந்தது. எண்பது நாள், அதுவும் கோடையில். கொடுக்கும் முன் எண்ணெய் பூசிக் கொடுக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது உரிமத்தில் உள்ள எண்ணையும் பேரலில் உள்ள எண்ணையும் அங்கேயே ஒப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அடுத்தவர் கையிலிருந்து வந்த துப்பாக்கியாகவே அதைக் கருதிக் காலியா என்று பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டி முடித்த பிறகு

சோதனைக்கு டம்மித் தோட்டா வேண்டும். வெறுமனே டிரிகரை இழுத்துக்கொண்டே இருந்தால் ஃபயரிங் பின் ஒரு நாள் ஒடியும். சுட்ட தோட்டாவின் வெடித்த தொப்பியைத் தட்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பென்சில் ரப்பரை அடைத்து டம்மி செய்துகொள்வது ஆர்மரர்களின் பழைய வழக்கம். அப்படிச் செய்தால் தோட்டா முழுவதும் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். இருட்டில் அசலும் டம்மியும் கையில் ஒன்றாகவே இருக்கும்.

டம்மிகளைப் போட்டு மூடி, துப்பாக்கியின் வாயை மண் நிறைந்த வாளிக்கோ வெறும் சுவருக்கோ நேராக வைத்து, டிரிகரைத் தடுக்கும் சேஃப்டிப் பொத்தான் பின்னால் இருக்கும்போது இரண்டு டிரிகரையும் இழுத்துப் பாருங்கள்; எதுவும் விழக் கூடாது. சேஃப்டியை முன்னால் தள்ளி முன் டிரிகரை இழுத்தால் வலது பக்கமும், பின் டிரிகரை இழுத்தால் இடது பக்கமும் விழ வேண்டும். மறுபடி திறக்கும்போது டம்மிகள் அறையை விட்டு மேலே எழுந்து வர வேண்டும், முன்கட்டை அசையக் கூடாது. டம்மிகளை எடுத்து, குழலை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்து, சிந்தியை எண்ணி, மேசையில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போனால் சாக்பீஸ் எழுத்தை அழிக்கலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு தாம்பாளத்தில் ஒரு திருகு மிஞ்சியிருந்தால், அல்லது லீவர் நடுக்கோட்டுக்கு வராமல் நின்றால், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கியை அப்படியே பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பேரலைக் கழற்றித் தனியாக வைத்து, மிஞ்சிய திருகை ஒரு காகிதத்தில் பொதிந்து, டிரிகர் வளையத்தில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் தேதியோடு ‘சுடக் கூடாது, திருகு ஒன்று வெளியே இருக்கிறது’ என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, இன்று இரவு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும் என்பது நிச்சயமில்லை.